பக்கத்து நாற்காலி அக்காவுக்கு நன்றி

பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் மூன்றாம் ஆண்டு முழுவதும் தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீஸில் பயிற்சி. நேற்றோடு முடிந்தது. அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், அக்கா என்றே எழுதுகிறேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு கன்டெய்னர் எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். பெட்டி துறைமுக வாசலிலேயே நின்றுவிட்டது. டிரைவர் அண்ணன் மூன்று மணி நேரம் வெயிலில் காத்துக் கிடந்தார். எனக்குக் கை நடுங்கியது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு இடத்துக்குப் போன் போட்டுத் திருத்தம் வாங்கினார். பிறகு டிரைவரிடம் என்னையே பேசி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அது செய்ய வேண்டிய காரியம்தான்.

"சரி, சாப்பிட்டு வா. அப்புறம் ஒரு கணக்கு சொல்லித் தாறேன்."

பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் எண் சரியா என்று பார்க்க ஒரு சோதனை இலக்கம். எழுத்துக்கும் மதிப்பு உண்டு, ஏ என்றால் 10. முதல் பத்தில் ஒவ்வொன்றையும் 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுக்க வேண்டும். மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. நான் தப்பாக அடித்த எண்ணைப் போட்டுப் பார்த்தோம், ஒத்துவரவில்லை. இரண்டு வருடம் வகுப்பில் படித்த பாடம் அந்த மத்தியானம்தான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ரொம்ப நன்றி அக்கா.