எட்டுப் பகடைகள் பற்றி நண்பனுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நீ கேட்டிருந்த கேள்விக்கு என் சொந்த ஆட்ட மேசையிலேயே விடை தேடிக்கொண்டிருந்ததால்தான் பதில் எழுதத் தாமதமாயிற்று. கோவையில் நீ நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையாட்டக் குழுவில் மந்திரவாதி ஐந்தாம் நிலையை எட்டிய நாள் முதல் மற்ற மூவருக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது என்றும், பலரை ஒருங்கே எரிக்கும் ஃபயர்பால் மந்திரத்தின் பகடைகளைக் குறைத்துவிடலாமா என்றும் எழுதியிருந்தாய். சென்ற ஆண்டு நான் அதைத்தான் செய்தேன், அது தவறாகப் போயிற்று. ஆகவே நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

இங்கே ஞாயிறுதோறும் ஐந்து பேர் என் வீட்டு முன்னறையில் கூடுகிறோம். கதை நடக்கும் இடம் அரிக்கமேட்டை மனத்தில் வைத்து நான் அமைத்த ஒரு பழந்துறைமுகம். மணிகள் கோக்கும் பட்டறைகள், ரோமானிய மதுச்சாடிகள் அடுக்கிய கிடங்குகள், ஆற்றுமுகத்தில் காத்து நிற்கும் மரக்கலங்கள் என்று அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அந்தக் கிடங்குகளில் ஒன்றில் 11 கொள்ளையர் பதுங்கியிருந்தார்கள். மந்திரவாதியாக ஆடும் கல்லூரி மாணவன் எட்டு ஆறுமுகப் பகடைகளை இரு கையாலும் அள்ளி, துண்டு விரித்த எவர்சில்வர் தட்டில் உருட்டினான். கூட்டினால் 31 வந்தது. இருபது அடி ஆரத்துக்குள் நின்றவர்கள் ஒன்பது பேர். சேவிங் த்ரோ என்னும் தற்காப்புப் பகடையில் தப்பியவர்களுக்கும் பாதி அடி விழும் என்பதால் ஒன்பது பேருமே மடிந்தார்கள். வாள்வீராங்கனையாக ஆடும் பெண் தன் இருபதுமுகப் பகடையை எடுத்துச் சிறிய டப்பாவில் போட்டு மூடிவைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கையேட்டைப் புரட்டினேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேட்டில், புதிய மந்திரம் உருவாக்குவோருக்கென்று ஓர் அட்டவணை இருப்பது உனக்கும் தெரியும். அதன்படி பலரை ஒருங்கே தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு உரியது ஆறு பகடை. எட்டுப் பகடை என்பது ஐந்தாம் நிலை மந்திரத்துக்குச் சொல்லப்பட்ட அளவு. ஆக, மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பால் தன் தகுதிக்கு இரண்டு படி மேலே நிற்கிறது என்று முடிவு கட்டி, எட்டை ஆறாக்கினேன். சராசரி 28-லிருந்து 21-க்கு இறங்கியது. விளைவு என்ன? அந்த மாணவனின் முகம் வாடியது. கொள்ளையர் எப்போதும்போல் செத்தார்கள். அந்தப் பெண் எப்போதும்போல் சும்மா இருந்தாள். இருவருக்கும் நான் நியாயம் செய்யவில்லை.

பழைய குறிப்பேடுகளை எடுத்து ஒவ்வொரு அமர்விலும் எத்தனை மோதல்கள் நடந்தன என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கிற்று. கதைக்குள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சண்டை. அது முடிந்ததும் எல்லாரும் எட்டு மணிநேரம் உறங்கி லாங் ரெஸ்ட் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் மந்திரவாதியின் கை மீண்டும் நிறைந்துவிடுகிறது. கையேடோ ஒரு நாளில் நடுத்தரமோ கடினமோ ஆன மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை வரும் என்று கணக்கிட்டு எழுதப்பட்டது. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு ஸ்லாட், அதாவது மந்திரம் ஏவும் வாய்ப்பு, முதல் நிலையில் நான்கு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டே இரண்டு. அந்த இரண்டை ஆறு மோதல்களுக்குப் பங்கிட வேண்டியவனுக்கும் ஒரே மோதலில் கொட்டித் தீர்க்கலாம் என்று தெரிந்தவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வாளுக்கு ஸ்லாட் கிடையாது, காலையில் வீசிய அதே வேகத்தில் மாலையிலும் வீசலாம் என்பதுதான் போர்வீரனின் பலம். அந்தப் பலம் வெளிப்படும் அளவுக்கு நீளமான பகலை நான் அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

எனவே எட்டுப் பகடையைத் திருப்பிக் கொடுத்தேன், நேரத்தை எடுத்துக்கொண்டேன். விடியற்காலை ஓதம் ஏறும்போது கடத்தல் கப்பல் முகத்துவாரத்தைத் தாண்டிவிடும் என்று அறிவித்தேன். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளைப்போன்ற ஓடைகளுக்குள் இரவு முழுக்கத் துரத்த வேண்டியிருந்தது. முதல் மோதலிலேயே ஒரு ஃபயர்பால் போய்விட்டது. நான்காவது மோதலில் அந்த மாணவன் தன் தாளில் மிஞ்சியிருந்த ஒற்றைக் கட்டத்தின்மேல் பென்சில் முனையை வைத்தபடி வெகுநேரம் யோசித்து, கடைசியில் பென்சிலை எடுத்துவிட்டான். அந்தச் சண்டையை இரண்டு தோணிகளுக்கு நடுவே கிடந்த பலகையின்மேல் நின்று வாள்வீராங்கனை தனியாகத் தாங்கினாள். மேசையே எழுந்து நின்று பார்த்தது.

அந்தத் தயக்கத்தை நான் முன்பே ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் நாம் இருவரும் விடிய விடியக் கூத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? கவச குண்டலங்களைக் கொடுத்துக் கர்ணன் இந்திரனிடம் பெற்ற சக்தி ஆயுதம் ஒரே முறைதான் பயன்படும். அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, இரவுப் போரில் கடோற்கசன் கௌரவர் படையை அழிப்பதைப் பொறுக்கமாட்டாமல் அவன்மேல் ஏவிவிடுகிறான். அந்த ஆயுதம் தினமும் காலையில் திரும்பக் கிடைத்திருந்தால் அந்தக் காட்சிக்கு யார் கண்ணீர் விட்டிருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனம் குவித்துத் தாங்கிப் பிடிக்கும் மந்திரங்களுக்கான கான்சென்ட்ரேஷன் விதியை நான் பல மாதம் சரியாக நடத்தவில்லை. ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட மந்திரம் ஒன்றைத்தான் தாங்கிப் பிடிக்க முடியும். அடிபட்டால், 10 அல்லது அடியில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்த எண்ணை உடல்திண்மைப் பகடையில் எட்டியாக வேண்டும். 26 புள்ளி அடி வாங்கினால் 13 எட்ட வேண்டும். சண்டை சூட்டில் இதைக் கேட்க மறந்துவிடுவேன். இப்போது மந்திரத்தைத் தாங்குபவர் முன்னால் ஒரு சோழியை வைக்கச் சொல்லிவிட்டேன். அடி விழுந்தால் எல்லார் கண்ணும் சோழிக்குப் போகிறது. நீ எந்த விதியையும் திருத்துமுன், இருக்கிற விதிகளை எல்லாம் நடத்துகிறாயா என்று பார்.

பூட்டைத் திறக்கும் நாக் மந்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார். பூட்டு திறக்கும், ஆனால் 300 அடி தூரம் வரை கேட்கும்படி ஓசை எழும். திருடன் சத்தமில்லாமல் திறப்பான், ஆனால் தோற்கவும் கூடும். ஒருவர் தொழிலை மற்றவர் பிடுங்காமல் எழுதப்பட்ட மந்திரம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். உணவுக் கனிகளை வரவழைக்கும் குட்பெர்ரி மந்திரத்துக்கு அந்தப் பக்குவம் இல்லை. முதல் நிலையிலேயே பத்துக் கனி, கனி ஒன்றுக்கு ஒருவரின் ஒரு நாள் உணவு. கடல்பயணத்தில் பசியை மையமாக வைத்து நான் எழுதிய கதை ஒரே நாளில் பொசுங்கிப்போயிற்று. வேரோடு நிற்கும் செடியிலிருந்துதான் கனி வரும் என்று, அதை ஆடுபவரோடு பேசி, அவர் சம்மதத்தோடு ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு மந்திரவாதி, போர்வீரன் என எல்லாக் கதாபாத்திர வகுப்புகளுக்கும் ஒரே மாதிரி ஆற்றல்களைக் கொடுத்ததால் சிக்கல் தீர்ந்தது என்று புதுச்சேரிக் கடற்கரையில் நீ வாதிட்டதை மறக்கவில்லை. கணக்கு அதில் நேரானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மந்திரம் மற்றவற்றிலிருந்து வேறானதாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உன் குழுவின் கடைசி ஐந்து அமர்வுகளை எடுத்து, ஒரு லாங் ரெஸ்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மோதல்கள் வந்தன என்று எண்ணி எழுது. அதைப் பார்த்துவிட்டு ஃபயர்பாலைப் பற்றிப் பேசலாம்.

உன் அன்பு நண்பன்