கயலுக்கு, ஜன்னல் தோட்டம் பற்றி

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஜூனில் நாங்கள் ஜெர்மனிக்கு, உன் யேனா நகரத்துக்கு வரும்போது நம் மொட்டைமாடிச் செடிகளில் ஆளுக்கொரு கிளை ஒடித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்தச் செடி வந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து பயணிகளின் பைக்கும் இதே விதிதான். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கள்ளி என்றால் அதற்கு மேல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் இருக்கிறது. உன் அம்மா தேங்காய் விலக்கைப் படித்துவிட்டு இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள், அது வேறு கதை.

இனி நீ கடையில் வாங்கிய கண்ணாடிக் கிண்ணத் தோட்டத்தைப் பிடித்து அனுப்பிய படம். பெரிதாக்கிப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக அடுக்கிய மணல், சிவப்புத் தலை வைத்த ஒரு கள்ளி, சதைப்பற்றான இலைகளை ரோஜாப்பூ மாதிரி அடுக்கிய ஒரு எச்செவேரியா, ஓரத்தில் ஒரு பெரணி, மேலே பசை போட்டு ஒட்டிய கூழாங்கல். எச்செவேரியாவின் அடி இலைகள் மஞ்சளித்து, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆகிவிட்டன. அது அழுகல். உனக்குக் கைராசி இல்லை என்று அம்மா சொல்வதை நம்பாதே. அந்தக் கிண்ணத்தில் யார் கை பட்டாலும் இதுதான் நடந்திருக்கும். பெரணிக்கு ஈரம் காயக்கூடாது, எச்செவேரியாவுக்கு ஈரம் நிற்கக்கூடாது. இரண்டையும் ஓட்டை இல்லாத கண்ணாடிக்குள் வைத்து விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது.

சிவப்புத் தலைக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதற்காகத்தான் அந்தக் கிண்ணத்தை வாங்கியிருப்பாய். அந்தத் தலையில் பச்சையமே கிடையாது. தனியாக விட்டால் பிழைக்காது. 1940-களில் ஜப்பானில் இப்படிப் பிறந்த நாற்றுகளை வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றினார்கள், அதிலிருந்து வந்த வியாபாரம் இது. கீழே பச்சையாக நிற்பது டிராகன் பழ இனத்துக் கள்ளி. மேலே இருப்பதற்கும் சேர்த்து அதுதான் உணவு தயாரிக்கிறது. அதற்குக் குளிர் ஆகாது, சில வருடத்தில் இரண்டும் போய்விடும். இருக்கிற வரை தனித் தொட்டியில் வைத்துக்கொள்.

பள்ளிக்கூட நாளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் நீ பூங்கா போடுவாயே. மணலைக் குவித்து மலை, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், கடுகும் வெந்தயமும் முளைக்க விட்டுப் புல்தரை. ஒன்பது நாளுக்கு அது போதும். கடைக் கிண்ணமும் கொலுப் பூங்காதான். விற்கிற வரை நின்றால் சரி என்று போட்டது. உனக்கு வேண்டியது சில வருடம் நிற்கிற தோட்டம். அதற்கு எது பக்கத்தில் எது அழகு என்று பார்ப்பதற்கு முன், எந்தெந்தச் செடிகளுக்கு ஒரே அளவு தண்ணீரும் ஒரே வெளிச்சமும் ஒத்துவரும் என்று பார்க்க வேண்டும். நிறம், உயரம், கல், பொம்மை எல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைக்காதே. இரண்டு தட்டு போடு.

முதல் தட்டு மெக்சிகோக்காரர்களுக்கு: எச்செவேரியா, அதன் உறவுகளான கிராப்டோபெட்டலம், ஒன்றிரண்டு சீடம். இது தெற்கு ஜன்னலுக்கு. உங்கள் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கில் சாய்ந்துதான் போகும் என்பதால் வேறு ஜன்னல் போதாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் சர்க்கரையாக்கும். பகல் வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதற்கு இரவு குளிர வேண்டும். மெக்சிகோ மலைகளில் குளிரும், யேனாவில் குளிரும், திருச்சியில் மே மாதம் குளிருமா? இங்கே எச்செவேரியா வாங்குகிறவர்கள் எல்லாம் ஊட்டி, கொடைக்கானல் நர்சரிகளிலிருந்து கொண்டுவந்து, இறக்கிய கொஞ்ச நாளில் பறிகொடுக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

இரண்டாவது தட்டு தென்னாப்பிரிக்காக்காரர்களுக்கு: வெள்ளை வரி போட்ட ஹவோர்தியா, நாக்கு நாக்காக இலை விடும் காஸ்டீரியா. இவை காட்டில் புதருக்கும் பாறைக்கும் அடியில் நிழல் வாங்கி வளர்பவை, அதனால் கிழக்கு ஜன்னல் போதும். நீ வேலை செய்யும் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தால் அதன் மேலும் வைக்கலாம். கோடை உச்சத்தில் கொஞ்சம் சோம்பும், அப்போது தண்ணீரைக் குறை. இங்கே என் மாடியில் பச்சை வலைக்குக் கீழே வருடக்கணக்காக நிற்பவை இவைதான். முதல் தடவை செய்கிறாய் என்றால் இந்தத் தட்டிலிருந்து ஆரம்பி.

லித்தாப்ஸ் என்று கூழாங்கல் மாதிரி ஒன்று பார்ப்பாய், கை பரபரக்கும். சேர்க்காதே. பழைய இலை ஜோடி முழுக்க வற்றிப் புது ஜோடி வரும் மாதங்களில் அதற்குத் தண்ணீரே காட்டக்கூடாது. மற்ற செடிகளோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகாது.

செடி வாங்க எர்ஃபுர்ட்டுக்குப் போ. ரயிலில் அரை மணி நேரம்தானே. 1822-இல் தொடங்கிய ஹாகே நர்சரி அங்கே இருக்கிறது, உலகத்திலேயே மிகப் பழைய கள்ளி நர்சரி என்று சொல்கிறார்கள். இத்தனை வருடம் திருச்சியிலிருந்து நான் படித்துத் தெரிந்துகொண்டதை நீ பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியிருக்கிறாய்! ஜூனில் வரும்போது எனக்கு ஒரு நாள் அங்கே வேண்டும், இப்போதே சொல்லிவைக்கிறேன். இணையத்தில் யாரோ விற்கும் அபூர்வச் செடியை மட்டும் வாங்காதே. தென்னாப்பிரிக்கப் பாலைவனத்தில் கோனோஃபைட்டம் போன்ற குட்டிச் செடிகளைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கி அனுப்பும் கூட்டம் பெருகிவிட்டது. நர்சரியில் விதையிலோ துண்டிலோ வளர்த்ததாக இருக்கட்டும்.

இப்போது தட்டு. அகலமாக, ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் போதும். அடியில் ஓட்டை கட்டாயம். பிடித்த பீங்கான் தட்டில் ஓட்டை இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் டிரில்லரைக் கொடு. வைர முனை பிட், ஹேமர் போடாமல், தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைக்கச் சொல். அவசரப்பட்டால் தட்டு இரண்டாகும்.

ஓட்டைக்குப் பதிலாக அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் அங்கே இறங்கி நின்றுகொள்ளும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேள், பொதுப்பணித் துறையில் மண்ணோடும் தண்ணீரோடும்தான் காலம் தள்ளினேன். சாலை போடும்போது நிலத்து ஈரம் மேலே ஏறாமல் இருக்க இடையில் பருமணல் அடுக்கு ஒன்று கொடுப்பார்கள். நுண்ணிய மண்ணில் பிடித்துக்கொண்ட ஈரம் பெரிய இடைவெளிக்குள் தாவாது என்பதால் அது வேலை செய்கிறது. மேலிருந்து கீழே வரும் தண்ணீருக்கும் அதே விதிதான். மேல்மண் முழுக்க ஊறிச் சொட்டும் நிலை வந்தால்தான் ஜல்லிக்குள் இறங்கும். ஆக, ஜல்லி போட்டால் ஈரமண் வேருக்கு இன்னும் கிட்டே வருகிறது, அவ்வளவுதான் லாபம். ஓட்டையை மூட ஒரு துண்டு வலை போதும், அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே கலவை போடு.

கலவை: கள்ளிச் செடிக்கென்று பையில் விற்கும் மண் பாதி, நுரைக்கல் பாதி. நுரைக்கல் என்றால் பியூமிஸ். எரிமலை கக்கியது, கல்லுக்குள் எல்லாம் காற்று. உங்கள் நாட்டிலேயே ஐஃபெல் பக்கம் தோண்டி எடுக்கிறார்கள், எடை குறைந்த கட்டுமானக் கற்களும் அதில்தான் செய்கிறார்கள். நான் இங்கே செங்கல்லை உடைத்துச் சலித்து, தூளை ஒதுக்கிவிட்டு, பட்டாணி அளவுத் துண்டுகளோடு கொஞ்சம் உமிக்கரி சேர்க்கிறேன். எம்-சாண்ட் போட்டால் தூள் போகிற வரை அலச வேண்டும். அலசி அலசி அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

நடுவது ஒரு மதிய வேலை. முப்பது சென்டிமீட்டர் தட்டுக்கு ஐந்து செடிக்கு மேல் வேண்டாம், முதல் நாள் வெறிச்சென்று தெரிந்தாலும் பரவாயில்லை. உயரமானதை நட்ட நடுவில் நிறுத்தாதே, ஒரு பக்கம் தள்ளி வை. அந்தப் பக்கம் மண்ணையும் கொஞ்சம் மேடாக்கு. கல் ஒரே வகையாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்தால்தான் அங்கேயே கிடந்த கல் மாதிரி இருக்கும். சாலே நதிக்கரையில் நடக்கப் போகிறாயே, பொறுக்கிக்கொள். பொம்மை வைப்பது உன் இஷ்டம். ஒரு பொம்மை என்றால் ரசிப்பேன், மூன்று என்றால் ஒன்றும் சொல்லமாட்டேன். மேலே அதே நுரைக்கல்லைப் பரப்பினால் அடி இலை ஈரமண்ணில் படாது. பசை மட்டும் வேண்டாம். நட்டதும் தண்ணீர் விடாதே. முறிந்த வேர் ஆற ஒரு வாரம் கொடு.

அப்புறம் எப்போது விடுவது? தேதி வைத்து விடாதே. மரக்குச்சி ஒன்றை அடிவரை குத்தி எடுத்துப் பார். ஈரம் ஒட்டாமல் காய்ந்து வந்தால் இன்னும் ஓரிரு நாள் கழித்து, அடியில் ஒழுகும் வரை தாராளமாக விடு. தினம் ஒரு ஸ்பூன் என்று விடுவதுதான் கெடுதல். இலையடுக்கின் நடுவில் தேங்க விடாதே. மாப்பிள்ளைக்குச் செடியைக் கண்டால் கை சும்மா இருக்காது என்று தெரியும், அவருக்குப் பெரணியைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுத்துவிடு, தினம் ஊற்றட்டும்.

குளிர்காலம்தான் உனக்கு உண்மையான சோதனை. டிசம்பரில் உங்களுக்கு எட்டு மணி நேரப் பகல், அதிலும் பாதி மேகம். வீட்டு ஜன்னலுக்குக் கீழேயே ஹீட்டர் இருப்பதை வீடியோவில் பார்த்தேன். வெளிச்சம் இல்லாமல் வெப்பம் மட்டும் கிடைத்தால் செடி தண்டு நீட்டி, இலை வெளுத்து, வெளிச்சத்தைத் தேடி வளைந்துகொண்டே போகும். மெக்சிகோத் தட்டைச் சூடு போடாத அறைக்கோ படிக்கட்டு ஜன்னலுக்கோ மாற்று. பத்து டிகிரி சுற்றி இருந்தால் போதும், தூங்கும். தண்ணீர் மாதம் ஒரு தடவை, அதுவும் இலை சுருங்கினால்தான். மே மாதம் பால்கனிக்குக் கொண்டுபோகும்போது சில நாள் நிழலில் பழக்கிவிட்டு வெயிலில் வை, இல்லையென்றால் இலை வெந்துவிடும்.

இந்தக் கவலையே வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒரு தட்டு இருக்கிறது, செம்பர்விவம். ஐரோப்பிய மலைச்செடி, பால்கனியில் பனி மூடிக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. இடி விழாமல் காக்கும் என்று அந்தக் காலத்தில் கூரை மேல் நட்டிருக்கிறார்கள். சார்லமேன் மன்னர் காலத்து ஆணை ஒன்றிலேயே தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரையில் இதை வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் கொண்டுவராதே, நைந்துவிடும்.

இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி. பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடை, வாரம் ஒரு முறை திரும்பப் பார். அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றுதான் சாயம் எடுக்கிற கொச்சினீல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் அந்தப் பூச்சிக்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். அப்புறம் 1926-இல் ஊரெல்லாம் பரவிவிட்ட சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க இலங்கையிலிருந்து அதே குடும்பத்துப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு காலத்தில் பூச்சிக்காகக் கள்ளி, இன்னொரு காலத்தில் கள்ளிக்காகப் பூச்சி. உன் ஜன்னலில் இரண்டுக்கும் இடமில்லை, துடைத்துவிடு.

தெற்கு ஜன்னல் விளிம்பின் அகலத்தை டேப் வைத்து அளந்து அனுப்பு, ஜன்னல் சட்டத்தைச் சாய்த்துத் திறக்கும்போது அது எவ்வளவு உள்ளே வருகிறது என்பதையும் சேர்த்து. தட்டின் அளவு போட்டு ஒரு வரைபடம் அனுப்புகிறேன். நுரைக்கல் ஐந்து லிட்டர் பை என்ன விலை என்றும் கேட்டு எழுது.

அம்மா விசாரித்தாள். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா