பாப்பா தலை தூக்கினாள்

அன்புள்ள மாலதி,

நீ மூன்று கடிதம் போட்டும் நான் ஒரு வரி எழுதவில்லை. நீ திட்டியது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம்.

இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. பாப்பா தலை தூக்கினாள்! அவளைக் குப்புறப் போட்டுவிட்டு, நானும் எதிரே தரையில் குப்புறப் படுத்துக் கூப்பிட்டேன். முழங்கை இரண்டையும் ஊன்றி, நெற்றி சுருங்க எழும்பினாள். தலை லேசாக ஆடியது. என்னைப் பார்த்தாள். அப்புறம் பொத்தென்று கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். விரிப்பின் தையல் கோடு கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது.

மாலதி, இதை முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். பயத்தில் இரவு பகல் மல்லாக்கவே போட்டிருந்தேன். பின்மண்டையில் ஒரு பக்கம் தட்டையானதைப் பார்த்ததும் பதறிவிட்டேன். மருத்துவர்தான் சமாதானம் சொன்னார், போகப் போகச் சரியாகும் என்று. தூக்கம் எப்போதும் மல்லாக்கத்தான், அதில் மாற்றமே கிடையாது. தூக்கத்தில் திடீரென்று குழந்தைகள் இறப்பது அந்தப் பழக்கத்தால்தான் பெருமளவு குறைந்தது. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட வேண்டும். கழுத்தும் தோளும் முதுகும் அப்போதுதான் பலப்படுகின்றன. கையை ஊன்றி உடம்பைத் தாங்கப் பழகினால்தான் பின்னால் புரள்வதும் தவழ்வதும் எளிதாகும். தவழாத குழந்தைக்கு நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் இல்லை, பல தடவையாக.

உன் பையன் குப்புறப் போட்டாலே அலறுகிறான் என்று எழுதியிருந்தாய். பல குழந்தைகள் முதலில் அழும், அதற்காக விட்டுவிடாதே! நீ சாய்ந்து உட்கார்ந்து அவனை உன் நெஞ்சில் குப்புறப் போட்டுக்கொள். உன் முகத்தைப் பார்க்கவே தலையைத் தூக்கப் பார்ப்பான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். தரைக்கு வந்தபின் துண்டைச் சுருட்டி அக்குளுக்குக் கீழே வைத்துப் பார். பாப்பாவுக்கு அதுதான் கைகொடுத்தது. பால் குடித்த உடனே மட்டும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அவன் குப்புறக் கிடக்கும்போது ஒரு நொடிகூடத் தனியே விட்டுப் போகாதே. கண் சொருகினால் உடனே மல்லாக்கத் திருப்பிவிடு. நெஞ்சில் போட்டுக்கொண்டு நீயும் தூங்கிவிடாதே. உன் தூக்கம் எனக்குத் தெரியாதா!

பாப்பா எழுந்துவிட்டாள். அவன் தலை தூக்கும் அன்றைக்கே எழுது. இந்தத் தடவை உடனே பதில் போடுகிறேன்.

உன்,
கல்யாணி