கோபுரத்துக் கோட்டிலிருந்து உன் ஜன்னல் வரை

அன்புள்ள கயல்,

ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் பாஸா நகரத்தில் நீ வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டின் படங்கள் வந்தன. பழைய நகரம், ராட்ஹவுஸுக்கு (நகர மன்றக் கட்டடம்) நாலு கட்டடம் தள்ளி, தரைத்தளம், வாடகையும் குறைச்சல். ஏன் குறைச்சல் என்பது ராட்ஹவுஸ் கோபுரத்தின் அடிச்சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அங்கே போய் அதைச் சரியாகப் படித்துவிடு.

சுவரில் ஆண்டு போட்ட கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் அந்த ஆண்டு வெள்ளம் தொட்ட உச்சம். 1501 ஆகஸ்டுக்குப் பிறகு அந்த ஊர் கண்ட மிகப்பெரிய வெள்ளம் 2013 ஜூன் 3இல் வந்தது. டான்யூப் கேஜில், அதாவது ஆற்றின் நீர்மட்டம் காட்டும் அளவுகோலில், 12.89 மீட்டர். 1954 ஜூலையில் 12.20, 2002 ஆகஸ்டில் 10.81. 2024 ஜூனில்கூட 10 மீட்டரை ஒட்டி வந்துவிட்டுத்தான் இறங்கியது. இந்த எண்கள் எதுவும் தெருவில் நின்ற தண்ணீரின் ஆழம் இல்லை. கேஜுக்கென்று வைத்த ஜீரோவிலிருந்து எண்ணுவது. சாதாரண நாளிலேயே அங்கே நாலரை, ஐந்து மீட்டர் காட்டும்.

ஆனால் இந்த எண்களைக் கழித்துப் பார்த்தால் ஒரு நல்ல சோதனை கிடைக்கும். கேஜின்படி 2013க்கும் 1954க்கும் 69 செ.மீ. வித்தியாசம், 2013க்கும் 2002க்கும் 2 மீட்டர் 8 செ.மீ. சுவரில் அந்தக் கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய அதே இடைவெளி இருக்க வேண்டும். கேஜும் கோபுரமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் அஞ்சு, பத்து சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் போனால் ஏதோ ஒரு கோடு பூச்சு வேலையிலோ கல் மாற்றும்போதோ இடம் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள். அளக்கும்போது கோட்டின் மேல்விளிம்பா, கீழ்விளிம்பா என்பதையும் குறித்துக்கொள். எழுத்தின் அடியைத் தண்ணீர் மட்டம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

1501 கோட்டை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார். அந்தக் கோபுரம் கட்டியதே 1889க்கும் 1892க்கும் இடையில். கட்டாத சுவரில் 1501 தண்ணீர் எப்படிக் கறை போடும்? வேறு எங்கோ இருந்த குறியையோ ஏட்டில் இருந்ததையோ பின்னால் கொண்டுவந்து வைத்ததுதான். பொய் என்று சொல்லவில்லை. சென்டிமீட்டர் கணக்குக்கு அதை நம்பாதே என்கிறேன். 1954, 2002, 2013 மூன்றும் கேஜ் பதிவோடு ஒத்துப்பார்க்கக் கூடியவை. உன் காரியத்துக்கு அது போதும்.

கோட்டின் உயரத்தை வைத்து வந்த தண்ணீரின் அளவைச் சொல்லிவிடவும் முடியாது. எல்பே ஆற்றங்கரையில் டிரெஸ்டனைப் பார்: 1845இல் 8.77 மீட்டர், 2002இல் 9.40. ஆனால் 1845இல் ஓடியது வினாடிக்குச் சுமார் 5,700 கன மீட்டர், 2002இல் 4,580 தான். நம் கணக்கில் 2 லட்சம் கன அடி எங்கே, 1.6 லட்சம் எங்கே! குறைந்த தண்ணீர் அதிக உயரம் நின்றது, ஏனென்றால் ஆறு பரவுவதற்கு முன்பிருந்த இடம் இப்போது இல்லை. ரைன் ஆற்றங்கரையில் கொலோனில் 1784 பிப்ரவரிக் குறி 13.55 மீட்டர், 1995இல் வந்த பெரிய வெள்ளமே 10.69 தான். அந்த மூன்று மீட்டரும் உடைந்த பனிக்கட்டி அடைத்து நின்றதால் ஏறியது. பாஸாவில் வேறு ஒரு சங்கதி. ஆல்ப்ஸிலிருந்து வேகமாக இறங்கும் இன் ஆறு டான்யூபை முட்டி எதிர்த்துத் தள்ளும். டான்யூபின் மேல்பகுதியில் மழையே இல்லை என்று நீ நிம்மதியாக இருக்க முடியாது.

இனி அளவெடுப்பு. கோபுரத்துக் கோட்டின் மட்டத்தை உன் வீடு வரை கொண்டுபோக வேண்டும். போனில் காட்டும் உயரத்தை நம்பாதே, மீட்டர் கணக்கில் தப்பும். நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் சரி, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது. 10 மி.மீ. உள்விட்டம், 20 மீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி தெளிவான குழாய் அங்கே எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒரு முனையை உயரத்தில் வைத்த வாளிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் இழுத்து ஓடவிடு. குமிழி எல்லாம் வெளியேறும்வரை ஓடட்டும். பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடி. இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் உள்ளே எங்கோ காற்று இருக்கிறது, மறுபடி ஓடவிடு. இந்த ஒரு குமிழிதான் ஆளைக் கவிழ்க்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு சாண் தப்புக் காட்டும்.

2013 கோடு கைக்கு எட்டாது. எட்டுகிற கோடு ஒன்றைப் பிடித்துக்கொள், மற்றதை மேலே சொன்ன வித்தியாசத்தை வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். அந்தக் கோட்டிலிருந்து டேப்பில் கீழே அளந்து, நெஞ்சு உயரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. தோழி ஒருத்தி முனையை அங்கே பிடிக்கட்டும், நீ மறுமுனையோடு 15 மீட்டர் தள்ளிப் போ. நடக்கும்போது இருவரும் கட்டைவிரலால் முனையை மூடிக்கொள்ளுங்கள். பார்க்கும்போது இருவரும் விரலை எடுத்துவிட வேண்டும். ஒருத்தி எடுக்க மறந்தாலும் அளவு கெட்டது. தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்து, நடுவில் குழிந்திருக்கும் அடிமட்டத்தில் குறி வை. பழைய கட்டடங்கள், சாக்பீஸ் வேண்டாம். பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் போதும். இப்படியே தாவித் தாவி உன் வீட்டு வாசல் வரை போய், அதே வழியில் கோபுரத்துக்குத் திரும்பு. ஆரம்பித்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் வந்து சேர்ந்தால் கணக்குச் சரி. அவ்வளவு தூரத்துக்குள் ஆற்றின் சரிவைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. இன் ஆற்றுப் பக்கம் இருக்கிற வீட்டுக்கு மட்டும் இந்தக் கோடுகளைப் பயன்படுத்தாதே.

எடுக்க வேண்டிய அளவு மூன்று: வாசற்படி, ஜன்னலின் அடிக்கட்டை, உள்ளே மின்சார மீட்டர் பெட்டியின் அடி. மீட்டர் நிலவறையில் இருந்தால் அளக்கவே வேண்டாம், அது போச்சு என்றே வைத்துக்கொள். ஆறு தெருவுக்கு வருவதற்கு முன்பே நிலத்தடி நீர் நிலவறைக்குள் ஊறி ஏறிவிடும், அதை எந்தக் கோடும் காட்டாது. ஹீட்டருக்கான எண்ணெய் டேங்க் கீழே இருக்கிறதா, தரையோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று கேள். கட்டாத டேங்க் மிதந்து கவிழ்ந்தால் எண்ணெய் சுவரில் ஊறிவிடும். சேற்றைக் கழுவுகிற மாதிரி அதைக் கழுவ முடியாது. வீட்டுச் சாமான் காப்பீடு மட்டும் எடுத்தால் வெள்ளத்துக்குப் பணம் வராது. இயற்கைச் சீற்றத்துக்கான கூடுதல் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. 2013இல் நகரத்துக் குடிநீரையே நிறுத்த வேண்டிவந்தது, அதனால் எந்த மாடியில் இருந்தாலும் நாலைந்து கேன் தண்ணீர் வீட்டில் இருக்கட்டும்.

எனக்கென்னவோ 2002 கோடே உன் ஜன்னலைத் தாண்டும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் பேச்சே இல்லை, விட்டுவிடு. அதே தெருவில் இரண்டாம் மாடி காலியாக இருந்தால் வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை, அப்பா பார்த்துக்கொள்கிறேன். மூன்று அளவுகளையும் எடுத்து, கோட்டின் படத்தோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அதுவரை முன்பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா