வகாண்டாவில் நின்றுபோன சடங்கு

அன்புள்ள மணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கல்லூரித் திரைப்பட மன்றத்தில் 'பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்' போடப்போகிறாய், பேச என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நிறையவே இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 'பிளாக் பாந்தர்' முதல் படத்தில், ஆப்பிரிக்கக் கற்பனை நாடான வகாண்டாவின் அரசன் டிச்சாலாவாக நடித்த நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று, 43 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். நோய் தெரிந்த பிறகும் அதை வெளியே சொல்லாமலே படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர் அவர். இயக்குநர் ரயான் கூக்ளரிடம் அவருக்காகவே எழுதிய ஓர் அப்பா மகன் கதை இருந்தது. அதை எடுத்துவைத்துவிட்டார்கள். வேறு நடிகரைப் போடாமல், டிச்சாலா இறந்துவிட்டான் என்றே வைத்துப் புதிதாக எழுதி, 2022 நவம்பர் 11 அன்று வெளியிட்டார்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் படமே பாதியில் நின்றுபோன ஒரு சடங்குதான். டிச்சாலா இறந்து ஓராண்டு கழித்து அவன் அம்மா, ராணி ரமோண்டா, மகள் ஷூரியை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறாள். அடக்கத்தன்று உடுத்திய வெள்ளை உடையை எரித்து, துக்கத்தை முடித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து அண்ணனை நினைக்க ஆரம்பித்தால் இந்தத் துணியை அல்ல, உலகத்தையே கொளுத்திவிடுவேன் என்று ஷூரி மறுக்கிறாள். பேச்சு முடிவதற்குள் தண்ணீரிலிருந்து கடலடி நாடான தலோக்கானின் அரசன் நமோர் எழுந்து வருகிறான். அந்த உடை எரிவது படத்தின் கடைசியில், ஹைட்டிக் கடற்கரையில். நடுவே இரு நாடுகளுக்கும் நடக்கும் போர் அத்தனையும் அந்த ஒத்திப்போடலுக்குள் அடக்கம். கருமாதி பார்த்து வளர்ந்த உன் மாணவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியிருக்காது.

நமோரின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல். 16-ஆம் நூற்றாண்டில், மெக்சிகோவின் யுகட்டானில் ஸ்பானியர் கொண்டுவந்த பெரியம்மை பரவுகிறது. ஒரு செடியின் சாற்றைக் குடித்துப் பிழைத்த மாயா மக்கள் கடலுக்குள் போய்விடுகிறார்கள். தன்னை நிலத்தில் புதைக்க வேண்டும் என்பது நமோர் அம்மாவின் ஆசை. அதற்காகக் கரையேறியவன், தன் மக்கள் ஸ்பானியப் பண்ணையில் அடிமைகளாக அடிபடுவதைப் பார்த்துப் பண்ணைக்கே தீவைக்கிறான். அவன் வீட்டு இழவும் அமைதியாக நடக்கவில்லை. ஷூரிக்கு அவன் பரிசாகக் கொடுக்கும் காப்பு, அவன் அம்மாவைப் பிழைக்கவைத்த செடியின் நாரால் ஆனது. பிளாக் பாந்தருக்கு வலிமை தருவது ஒரு மூலிகை; முதல் படத்தில் டிச்சாலாவின் அரியணையைப் பறித்து, பிறகு இறந்துபோன கில்மாங்கர் எரித்த அந்த மூலிகையை அந்த நாரை வைத்துத்தான் ஷூரி மறுபடி உருவாக்குகிறாள். அதைக் குடிப்பவர் முன் இறந்த உறவினர் தோன்றுவார்கள். ஷூரி முன் தோன்றுவது, நமோரின் தாக்குதலில் அதற்குள் இறந்துவிட்ட அம்மா அல்ல, கில்மாங்கர். பழிவாங்கும் வெறியோடு குடித்தவளுக்கு வேறு யார் வருவார்கள்? திரைக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இதுதான்.

பண்பாட்டுச் சித்திரிப்பில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. 1939-இல் காமிக்ஸில் பிறந்த நமோர் அட்லாண்டிஸின் அரசன். அவனை மாயாவாக மாற்றி, யுகட்டான் மாயா மொழியையே பேசவைத்தார்கள். நமோராக வரும் டெனோச் ஹுவெர்டா அதைப் படத்துக்காகக் கற்றுக்கொண்டு நடித்தார். நமோரின் அம்மாவாக வரும் மரியா மெர்சிடிஸ் கோரோய் குவாத்தமாலாவின் கக்சிகேல் மாயா பெண். அவருக்கு இன்னும் நான்கு காட்சி கொடுத்திருக்கலாம். தலோக்கான் என்ற பெயர் மட்டும் மத்திய மெக்சிகோவின் நாவா மக்களுடைய மழைக் கடவுளின் உலகத்திலிருந்து எடுத்தது. நாவாவும் மாயாவும் ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

உடைகளைக் கவனிக்கச் சொல். உடை வடிவமைப்பாளர் ருத் கார்ட்டர் இரண்டு பாகங்களுக்குமே ஆஸ்கர் வாங்கினார். இரண்டு ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. வகாண்டாவிடமும் தலோக்கானிடமும் இருக்கும் கற்பனை உலோகமான வைப்ரேனியத்துக்கு ஆசைப்பட்டு மாலியில் ஆள் அனுப்பியது பிரான்ஸ், கடலைத் துளைத்தது அமெரிக்கா. போரில் செத்து மடிவதோ வகாண்டாக்காரர்களும் தலோக்கான்காரர்களும். ஆசைப்பட்ட அரசுகளுக்குக் கடைசிவரை ஒரு கீறல்கூட இல்லை. விவாதத்தை இங்கே தொடங்கினால் சூடு பிடிக்கும். வைப்ரேனியத்தைக் கண்டறியும் கருவி செய்த அமெரிக்க மாணவி ரீரி வில்லியம்ஸ், அமெரிக்க உளவு நிறுவனம் சிஐஏ ஆகியோரின் கிளைக்கதைகள்தான் படத்தின் தொய்வு. அடுத்து வரவிருந்த தொடர்களுக்கு அடிபோட்ட வேலை அது. ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் துக்கத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது.

இனித் திரையிடல். படம் 161 நிமிடம், இடைவேளை கட்டாயம் வேண்டும். நமோர் தலோக்கானைச் சுற்றிக்காட்டி ஷூரியிடம் நிபந்தனை வைத்ததும் விடு. ரமோண்டாவின் மரணத்தில் விட்டால், டீ குடித்துத் திரும்புவதற்குள் அந்த அடியின் வலி போய்விடும். நீருக்கடியில் வரும் காட்சிகள் ரொம்ப இருட்டு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டாவிட்டால் திரையில் நிழல்தான் தெரியும். வகாண்டாக்காரர்கள் பேசும் கோசா (தென்னாப்பிரிக்க மொழி), மாயா வசனங்களுக்கு சப்டைட்டில் திரையின் அடியில் வரும் என்பதால், முன்வரிசைத் தலைகள் மறைக்காதபடி திரையை உயர்த்திக் கட்டுங்கள். தொடக்கப் பகுதியில் மார்வெல் முத்திரை முழுக்க போஸ்மேன் முகங்களோடு, இசையே இல்லாமல், காற்றின் ஓசையோடு போகும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று ஆபரேட்டர் வால்யூமை ஏற்றினால் அடுத்த காட்சியில் காது கிழியும். முன்கூட்டியே சொல்லி வை.

கடைசியில் ரிஹானா பாட்டோடு பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். நடுவே ஒரு காட்சி வரும்: டிச்சாலாவின் மகனை அவன் காதலி நக்கியா ஷூரிக்கு அறிமுகப்படுத்துகிறாள். ஹைட்டிப் புரட்சித் தலைவர் துசேன் லூவெர்த்தூரின் பெயர் அந்தச் சிறுவனுக்கு. எடுத்துவைத்த அப்பா மகன் கதையில் மிஞ்சியது அவன்தான் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு வேறு காட்சி கிடையாது. விளக்கைப் போட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.

தேதி முடிவானதும் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சரவணன்