நடைச் சங்கச் செயலரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போடப்படும்.

பொங்கல் விழா பூங்காவில் நடந்தது. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் வசந்தகால நடை வழக்கம்போல் நடந்தது. வெயில் காரணமாகக் கோடையில் நடை இல்லை. தீபாவளி விருந்து இவ்வாண்டு நடத்தப்படவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, ஒரோகோப்பியா மலை வனாந்தரப் பகுதியில் நாம் செய்த தடம் மறைப்பு வேலை, அதாவது அத்துமீறி நுழைந்த வண்டிகளின் டயர்த் தடங்களைக் கலைத்து மறைக்கும் வேலை. “இது நடைச் சங்கமா, மண்வெட்டும் சங்கமா?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதற்குப் பலர் கட்டைவிரலும் உயர்த்தியிருந்தார்கள். ஆகவே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்பு மசோதாவை 1986இல் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்தார். அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. பின்னர் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அதை எடுத்துப் போராடி நிறைவேற்ற, 1994 அக்டோபர் 31 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் தேசியப் பூங்காக்கள் ஆயின. அதே சட்டத்தில் அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறையிடம் உள்ள 69 இடங்கள் வனாந்தரப் பகுதிகளாயின. அவற்றில் ஒன்றுதான் ஒரோகோப்பியா. அங்கே சாலை போடக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது, ஜீப்பும் சைக்கிளும் நுழையக் கூடாது. (தாயாரை அழைத்து வரலாமா என்று கேட்ட உறுப்பினருக்கு: சக்கர நாற்காலிக்குத் தடையில்லை.)

சட்டம் வாஷிங்டனில் இருக்கிறது. களத்தில் இருப்பது எல்லையைக் காட்டும் இடுப்புயரப் பழுப்புக் கம்பம் ஒன்று. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு ஜீப் போனால், அந்தத் தடத்தைப் பார்த்து அடுத்த வாரம் இன்னொன்று போகும். பிறகு அது பாதை என்றே ஆகிவிடும். மழை வந்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று: 1942இல் ஜெனரல் பாட்டன் இந்தப் பாலைவனத்தில் டாங்கிப் பயிற்சி நடத்தினார். அந்த டாங்கித் தடங்கள் இன்றும் சில இடங்களில் தெரிகின்றன.

வேலை இதுதான். தடம் பிரியும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை டயர்க்கோட்டை வாரியால் கலைக்க வேண்டும். பிறகு கடப்பாரையால் குழி போட்டு, கிரியோசோட் என்ற பாலைவனப் புதரின் காய்ந்த கிளைகளை நட்டுவைக்க வேண்டும், உயிரோடு நிற்கும் செடிபோல. வரிசையாக நட்டால் யாரோ நட்டது என்று தெரிந்துவிடும். தாறுமாறாகத்தான் நட வேண்டும். நம் உறுப்பினர்களில் பொறியாளர்கள் அதிகம் என்பதால் இதைப் பழக்குவது பெரும்பாடாயிற்று. வேடத்துக்காக மட்டும் அல்ல. காற்றில் வரும் விதை அந்தக் கிளைகளின் அடியில் தங்கும், கொஞ்சம் நிழலும் கிடைக்கும். மோட்டார் கருவி கூடாது, தள்ளுவண்டிகூட கூடாது என்பதால் கல்லையும் கிளையையும் கையாலேயே சுமந்தோம்.

கருவிகள், கையுறைகள், தண்ணீர்க் கேன்கள் ஆகியவற்றுக்கே விருந்துப் பணம் செலவானது. செயற்குழு ஒப்புதல் பெற்றுத்தான் செலவிட்டேன். அக்கூட்டத்துக்கு வராதவர்கள் இப்போது ஒப்புதல் பற்றிக் கேட்பது விந்தை. பெயர் கொடுத்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எண்ணிக்கையில் சொல்ல விரும்பவில்லை. வாங்கிய கையுறைகளில் பெரும்பகுதி உறை பிரிக்காமல் என் கார் கொட்டகையில் கிடக்கிறது.

மலைச் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இச்சட்டம் தங்களுக்கு எதிரானது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 2019 மார்ச்சில் நிறைவேறிய டிங்கெல் சட்டம் இப்பாலைவனத்தில் சுமார் 3,75,000 ஏக்கரைப் புதிதாக வனாந்தரமாக்கியபோதே, ஜான்சன் வேலி, டுமான்ட் டியூன்ஸ் உள்ளிட்ட ஆறு இடங்களை வண்டி ஓட்டுவதற்கென்றே நிலையாக ஒதுக்கியது. ஓட்ட இடம் இருக்கிறது, ஐயா.

இவ்வாண்டு ஏன் இவ்வளவு அவசரம் என்றும் கேட்டார்கள். ஜனவரியில் அதிபர் பைடன் நம் வட்டாரத்தில் சக்வாலா தேசிய நினைவுச்சின்னத்தைப் பிரகடனம் செய்தார். பெயர்தான் நினைவுச்சின்னம், உண்மையில் அது பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி. இப்படி ஓர் அதிபர் செய்த பிரகடனத்தை அடுத்த அதிபர் நீக்கலாம் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சட்டக் கருத்து மே மாதத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஜூனில் பொது நிலத்தை விற்கும் திட்டம் செனட்டில் முன்வைக்கப்பட்டு, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை அந்தத் திட்டம் தொடவில்லை. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டத்தால் போட்ட எல்லைக்கோட்டை அழிக்கக் காங்கிரஸால்தான் முடியும். அதனால்தான் நம் மாவட்டப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதச் சொல்லி மாதிரி வாசகம் அனுப்பினேன். எழுதியவர்களுக்கு நன்றி. “நல்ல முயற்சி” என்று பதில் போட்டவர்களுக்கும் நன்றி.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் ஏதும் இல்லை. சந்தா நிலுவை கணிசமாக உள்ளது. இரண்டாண்டாகச் செலுத்தாத அன்பர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், மோர் கொண்டுவந்த குடும்பத்தினருக்கும், அரங்கு தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தடம் மறைப்பு வேலை தொடர்வதென்றால் நவம்பருக்குள் ஆட்கள் உறுதியாக வேண்டும். செயலர் பொறுப்பில் வேறு யாரேனும் ஆர்வம் காட்டினால் நான் மகிழ்ச்சியோடு விலகுவேன்; கருவிகளை வைக்க அவரிடம் இடம் இருந்தால் போதும். வேட்புமனு வாசல் மேசையில் இருக்கிறது. சங்க விதிப்படி, நடப்பாண்டுச் சந்தா ரசீது இல்லாமல் மனு ஏற்கப்படாது.