இரண்டு வரி போதவில்லை

நாடகக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், இரண்டே வரியில் நன்றி சொல்லி முடித்துவிட்டோம். பத்து வாரம் எங்களோடு அல்லாடியவர்களுக்கு அது எந்த மூலைக்கு? அதனால்தான் இந்த மடல். தமிழில் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாதே என்றாள் அறைத்தோழி. பரவாயில்லை, கைபேசி மொழிபெயர்த்துச் சொல்லட்டும். எனக்கு மனசு விட்டுப் பேச வருவது இதில்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இங்கே லீட்ஸில் எங்கள் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரு தொழில்முறை நாடகக் குழுவும் சேர்ந்து, நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயின்காவின் ‘டெத் அண்ட் த கிங்ஸ் ஹார்ஸ்மேன்’ நாடகத்தை மேடையேற்றினோம். 1950களில் சோயின்கா படித்த ஊர் இது. நைஜீரியாவின் ஓயோ நகரில் 1940களின் நடுவில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து பிறந்த கதை. அரசர் இறந்து முப்பது நாள் கழித்து அவருடைய குதிரைத் தலைவன் எலெசினும் உயிரை விட்டு உடன் போக வேண்டும். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் குறுக்கே வந்து தடுக்கிறார். நடிப்பு எனக்கு வராது. மேடை மேலாளருக்கு எடுபிடி நான்.

முதல் நன்றி இயக்குநருக்கு. வெள்ளைக்காரன் வந்தான், கெடுத்தான் என்று முதல் நாளே நாங்கள் கதையை முடித்துவிட்டோம். இதைக் கலாசார மோதல் என்று சுருக்காதீர்கள் என்று சோயின்கா முன்குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, கைதாவதற்கு முன்பே எலெசினின் கால் எங்கே தயங்குகிறது என்று வரி வரியாகத் தேடச் சொன்னார் இயக்குநர். மூன்று நாள் ஒத்திகை அதிலேயே போயிற்று. போனது நல்லதுக்குத்தான்.

பேசும் முரசு கற்றுத் தந்த ஐயாவை மறக்க முடியாது. நம் உடுக்கை மாதிரியே இடை சிறுத்த வாத்தியம். கயிற்றை அமுக்கினால் சுருதி ஏறும். ஓயோ மக்களின் யொரூபா மொழியில் சொல்லின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால், முரசு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்து நிஜமாகவே வாக்கியம் பேசும். எங்கள் பையன் ஒருவன் வெளுத்து வாங்கினான். ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தாளம் சரி. நீ என்ன சொன்னாய்?” என்றார். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து.

ஆடைப் பிரிவு அக்காவுக்கு மன்னிப்பும் சேர்த்து. சந்தைப் பெண்களுக்கென்று பளபளவென்று அச்சுத் துணி வாங்கிக் குவித்திருந்தோம். 1940களின் சந்தையில் இந்தப் பளபளப்பு ஏது என்று கேட்டு, மரவள்ளிக் கூழால் கோலமிட்டு அவுரிச் சாயத்தில் முக்கியெடுக்கும் ‘அடிரே’ துணியைக் காட்டினார். அதே சாயலில் ஆறு இரவு உட்கார்ந்து தைத்தும் கொடுத்தார். வெட்டாத துணியை முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்ட கிர்க்கேட் சந்தைக் கடைக்காரருக்கும் நன்றி.

அப்புறம் ஆன்ட்டி. எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா. தலைக்கட்டு கட்டிவிடத்தான் வந்தார். நாடகத்தில், பறிமுதல் செய்த எகுங்குன் உடையை அந்த அதிகாரியும் மனைவியும் மாட்டிக்கொண்டு விருந்து நடனத்துக்குப் போவார்கள். முன்னோர்கள் வந்து இறங்குகிற உடை அது. எங்களிடம் இருந்தது நகல்தான். ஒத்திகை முடிந்ததும் ஒரு நாற்காலியில் எறிந்துவிட்டுப் போயிருந்தேன். ஆன்ட்டி திட்டவில்லை. எடுத்து உதறி, ஒவ்வொரு பட்டையாக நீவி, மாட்டி வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார். “அங்கே அவர்கள் அவமதிக்கட்டும், அது கதை. இங்கே நீ அப்படிச் செய்யாதே” என்றார். கடைசி நாள் வரை அந்த வெள்ளைத் துணி என் பொறுப்பு.

அரங்க நிர்வாகத்துக்கு ஒரு தனிக் கும்பிடு. இடைவேளை கூடாது என்பது சோயின்காவின் குறிப்பு. இடைவேளை இல்லை என்றால் ஐஸ்கிரீம் விற்பனையும் இல்லை, மதுக்கூட வரும்படியும் இல்லை. மாணவர்கள் கேட்டதற்காக அதை விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

மூன்றாம் நாள் இரவு நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில், இறந்து கிடக்கும் எலெசினின் இமைகளை அவனுடைய இளம் மணப்பெண் மூடி, மேலே மண் தூவ வேண்டும். மண் கிண்ணமோ மேடைக்குப் பின்னால் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது, வைக்க மறந்துவிட்டேன். கை காலெல்லாம் உதறல். மேடை மேலாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. துணி சுற்றிய எலெசின் மகனின் சடலத்தைத் தோளில் சுமந்து மேடைக்குள் போகக் காத்திருந்த பெண்களுக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றவளிடம் கிண்ணத்தைத் திணித்தார். அவள் ஏதோ சடங்கு மாதிரி ஏந்திப் போய் மணப்பெண் காலடியில் வைத்தாள். நன்றாக இருக்கிறதே, இனிமேல் இப்படியே செய்யலாம் என்றார் இயக்குநர்! மணப்பெண்ணாக நடித்த முதலாண்டு மாணவிக்கு அன்றும் விரல் நடுங்கியது. எலெசினாகக் கிடந்த மூத்த நடிகர் உதடு அசையாமல், “தூவும்மா, கண்ணை இறுக்க மூடியிருக்கிறேன்” என்றாராம். அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பொருள் அறைக்காரரே, அந்தக் கிண்ணத்தைத் தேட வேண்டாம். என் பையில்தான் வந்துவிட்டது. திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மேடைக்குப் பின்னால் நின்ற எடுபிடி